இறக்கத்தில் இறுகும் கை: மலைச் சைக்கிள் ஓட்டிகளின் மனநலமும் தன்மதிப்பும்

செங்குத்தான இறக்கத்தின் விளிம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டவர் கல்லுக்கும் பள்ளத்துக்கும் பயந்து நிற்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அவருக்குப் பின்னால் நாலு பேர் நிற்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இறங்கி உருட்டிக்கொண்டு போனால் "இதுக்கே இறங்கிட்டியா மாப்ள?" என்று ஒரு குரல் வரும். வருவதற்கு முன்பே அது அவர் காதில் விழுந்துவிடுகிறது. விழுந்தால் முட்டி சிராய்க்கும், இறங்கினால் மானம் போகும் என்று எடைபோட்டு, முடியாத இறக்கத்தில் விட்டுப் பார்த்து அடிபடுகிறவர்கள் ஒரு பக்கம். முடிகிற இறக்கத்தையும் கைவிட்டு, நாளாவட்டத்தில் குழுவுக்கே வராமல் போகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இரு சாராருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "உன்னால முடியும்டா, நம்பு." இருவருக்கும் அது உதவுவதில்லை. ஏன் உதவுவதில்லை, ஓட்டியின் தன்னம்பிக்கையை வளர்க்க முன்வரும் பயிற்சியாளர் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைத் தேனி–இடுக்கி எல்லையின் மலைப்பாதைகளை மனத்தில் வைத்து இங்கே பார்க்கலாம்.

இந்த எல்லையில் மாநிலம் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கம் சூரியநெல்லி, தேவிகுளம் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளிலும் தமிழ். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு ஜீப் ஏறும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதற்கு மேலே ஏலத்தோட்டங்களின் மண் பாதைகளும், கல் பெயர்ந்த ஜீப் தடங்களும். மலைச் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் தெற்கே அதிகம் இல்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. நம் மலையிலேயே சர்வதேசப் போட்டி என்பது நல்ல செய்திதான். ஆனால் தோட்டக் கூலியிலோ கடை வருமானத்திலோ மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிளில் ஏறும் பிள்ளைக்கு அது சுமையையும் கூட்டுகிறது. "இவ்வளவு காசு போட்டோமே, என்ன ஆச்சு?" என்று வீட்டில் கேட்கிற நாளில், ஒரு ஓட்டத்தின் நேரம் அந்தப் பிள்ளையின் மதிப்பாகவே மாறிவிடுகிறது.

உளவியலில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. 2001-ல் ஜெனிஃபர் க்ராக்கர், கோனி வுல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதர்கள் தங்கள் மதிப்பை எதன்மேல் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதினார்கள். படிப்பு, தோற்றம், பிறர் பாராட்டு, போட்டியில் வெல்வது என்று ஆளுக்கு ஆள் அது மாறும். எதன்மேல் கட்டியிருக்கிறோமோ, அதில் வரும் சிறு தோல்வியும் 'நான் உதவாதவன்' என்ற தீர்ப்பாக இறங்கும். இறக்கத்தை ஓட்ட முடியும் என்ற நம்பிக்கை குறிப்பிட்ட ஒரு வேலையைப் பற்றியது, அதை வளர்க்கலாம், அளக்கலாம். மனிதராகத் தன் மதிப்பு அந்த இறக்கத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. நல்ல பயிற்சி முதலாவதைக் கட்டுகிறது, இரண்டாவதை அதிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. மோசமான பயிற்சி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போடுகிறது. "இன்னைக்கு இதை ஓட்டிட்டா நீ வேற லெவல்" என்பது அப்படிப்பட்ட முடிச்சு.

மதிப்பு பணயத்தில் இருக்கும்போது உடம்பில் நடப்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விழுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பார்வை முன் சக்கரத்துக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் சுருங்கும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பாதையைப் படிக்க வேண்டிய கண், தவிர்க்க நினைக்கும் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும், சைக்கிளும் கண் போகிற இடத்துக்கே போகும். விரல்கள் பிடியை நசுக்கும், முன்கை கல்லாகும், முழங்கை பூட்டிக்கொள்ளும். உடம்பு சீட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். அப்போது முன் சக்கரத்தில் எடை குறைந்து திருப்பம் கேட்காது, முன் பிரேக்கும் பிடிக்காது. பின் பிரேக்கை மட்டும் இழுப்பதால் பின் சக்கரம் பூட்டி வழுக்கும். விழுந்தவர் "நான் லாயக்கில்லை" என்று எழுந்திருப்பார். உண்மையில் அவர் விழுந்தது இறுக்கத்தால், அந்த இறுக்கம் வந்தது இந்தத் தீர்ப்பைப் பற்றிய அச்சத்தால். இந்தச் சுழலை ஒரு தாளில் வரைந்து காட்டினாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் சைக்கிளைப் பார்க்க வேண்டும். மனத்தைத் திருத்தப் புறப்படும் பலரும் இதைத் தாண்டிப் போவது வருத்தமான விஷயம். தன்னம்பிக்கை இல்லை என்று அனுப்பப்படுகிறவரின் டயரில் 50 பிஎஸ்ஐ காற்று இருக்கும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கே கடையில் அடித்துவிடுவார்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு, ட்யூப் போட்ட 2.1 அங்குல டயரில், முன்னே 28, பின்னே 32 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கல்லும் கையை உதறும், டயர் மண்ணைப் பிடிக்காமல் துள்ளும். அடுத்தது சீட். ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே இறங்கினால் இடுப்பு அசைய இடமிருக்காது. அமுக்கினால் உயரம் மாறும் ட்ராப்பர் போஸ்ட் இல்லாத சைக்கிளில் இறக்கத்துக்கு முன் நிறுத்தி, கிளாம்ப்பைத் தளர்த்தி 5 முதல் 8 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். பிரேக் லீவர் ஒற்றை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சிறிய கை உள்ளவர்கள் மூன்று விரலால் இழுத்துக்கொண்டு இரண்டு விரலால் தொங்குகிறார்கள், லீவர் அருகிலுள்ள சிறிய திருகில் இதைச் சரிசெய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் பிரேக் பேட் தேய்மானத்தையும் கேபிளையும் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் சரிசெய்த பிறகும் எஞ்சுகிற பயத்தோடு பேசுவதுதான் நேர்மை.

வயிறும் அப்படித்தான். டீ மட்டும் குடித்துவிட்டுப் போடிமெட்டு வரை ஏறியவருக்கு மேலே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அவர் அதைப் பயம் என்று படித்துக்கொள்வார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் செயல்திறன் நம்பிக்கைக்கு, அதாவது ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு, நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல், உடம்பின் நிலை. நான்காவதைத் தவறாகப் படிப்பதால் கெடும் ஓட்டங்கள் ஏராளம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். ஏறி முடித்த கையோடு இறங்காமல் ஐந்து நிமிடம் நின்று, மூச்சை நாலு எண்ணிக்கைக்கு உள்ளே இழுத்து ஆறு எண்ணிக்கைக்கு வெளியே விட்டால் நாடித்துடிப்பு தணியும். அதன் பிறகும் இருக்கும் படபடப்புதான் இறக்கத்தைப் பற்றியது.

முதல் சந்திப்பை மலையில் வைக்க வேண்டாம். டீக்கடை பெஞ்ச் போதும், முக்கால் மணி நேரம், அப்பாவோ நண்பர்களோ பக்கத்தில் இல்லாமல். கேட்க வேண்டியவை சில உண்டு. கடைசியாக எப்போது ஓட்டம் இனிமையாக இருந்தது? விழுந்த நாளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கியம் என்ன, அப்படியே அந்தச் சொற்களில்? சைக்கிள் இல்லாத நாளில் நீ யார்? கடைசிக் கேள்விக்குப் பதிலே வராமல் விழிக்கிறவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிறகு, "உன் தம்பி இதே இடத்தில் இறங்கி நடந்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேளுங்கள். தம்பிக்குச் சொல்லும் சொல்லுக்கும் தனக்குச் சொல்லும் சொல்லுக்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும். தன்மேல் காட்டும் இரக்கம் குறித்து 2003-லிருந்து எழுதிவரும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப்பின் பயிற்சிகளிலும் இதைப் போன்ற கேள்வி உண்டு. இது சலுகை காட்டுவது ஆகாது. தன்னைத் திட்டிக்கொள்கிறவர் அடுத்த முறை இன்னும் இறுகுவார், அவ்வளவுதான்.

அடுத்தது ஏணி. பயமுறுத்தும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு வந்து சேரும் ஏழெட்டுப் படிகளை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏலத்தோட்டப் பாதையில் முழங்கால் உயர வேர்ப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம். முதல் படி, நடைபாதைக் கட்டையில் பத்து சென்டிமீட்டர் இறக்கம். பிறகு இருபது. பிறகு மண் தரையில் இருபது. அந்த வேர்ப்படியைச் சைக்கிள் இல்லாமல் நடந்து, நுழைவு, பிரேக்கை விடும் இடம், வெளியேறும் இடம் மூன்றையும் கையால் காட்டுவது ஒரு படி. ஒருவர் சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள மெதுவாக உருட்டி இறங்குவது ஒரு படி. தனியே இறங்குவது, பிறகு இரண்டு பேர் பார்க்க இறங்குவது. கடைசியாகக் குழு முழுவதும் பார்க்க. பார்வையாளர் எண்ணிக்கையையும் ஏணியில் சேர்ப்பதுதான் இங்கே முக்கியம், பலருக்கு வேர்ப்படியைவிட உயரமான படி அதுதான்.

ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 3, 4 வரும் படியில் வேலை தொடங்கும். தொடர்ந்து மூன்று முறை 2-க்கு இறங்கினால் அடுத்த படி. 6-க்கு மேல் போனால் கீழே திரும்புதல். ஓர் இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம், களைத்த காலும் கையும் தவறு செய்யும், அந்தத் தவறு மனத்தில் பதியும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பதில் அடிபட்டவர்கள் மிக அதிகம். முடிக்கும்போது ஒரு படி கீழே வந்து சுத்தமாக ஓட்டி முடியுங்கள். கெடுவது எங்கே என்றால், நன்றாகப் போகிற நாளில் பயிற்சியாளர் இரண்டு படிகளைத் தாண்டவைப்பதில். அன்று முடிந்துவிடும், அடுத்த வாரம் அதே இடத்தில் பயம் 8-ல் நிற்கும், ஏனென்றால் நடுப்படிகளில் கிடைக்க வேண்டிய ஆதாரம் அவரிடம் இல்லை.

எல்லாப் பயமும் கரைக்க வேண்டியது இல்லை. சின்னக்கானல் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் அங்கே பிடித்து அப்புறப்படுத்தப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது. விடியலில் ஏலக்காட்டுப் பாதையில் புதுச் சாணத்தைப் பார்த்துத் திரும்ப நினைப்பவர் சரியாகவே நினைக்கிறார். குரங்கணிக் காட்டுத்தீ 2018 மார்ச்சில் 23 மலையேற்றக்காரர்களின் உயிரைக் கொண்டுபோனது. அனுமதி இல்லாத வனப்பாதை, காய்ந்த புல் மலை, மழையில் நனைந்த பாறை என்று தயங்குகிறவரைத் தைரியம் சொல்லி அனுப்புவது பயிற்சி ஆகாது. ஆகவே பயிற்சியாளர் போடும் மதிப்பெண் ஓட்டி எடுத்த தீர்மானத்துக்குத்தான், அதன் விளைவுக்கு இல்லை. இடத்தைப் பார்த்தாரா, தன் களைப்பைக் கணக்கிட்டாரா, ஓட்டுவதா நடப்பதா என்று முன்கூட்டியே சொன்னாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், இறங்கி நடந்தவருக்கும் முழு மதிப்பெண். குழுவில் இதை விதியாகவே வைக்கலாம்: "நடக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. கேலி மட்டும் இல்லை, ஊக்கமும் வேண்டாம்.

பாராட்டும் விதம் தனிப் பயிற்சி. "சூப்பர் தம்பி" என்ற சொல்லில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. "முழங்கை வெளியே இருந்துச்சு, கண்ணு அடுத்த வளைவுக்குப் போயிருச்சு, அதான் சைக்கிள் நிக்கல" என்றால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோக மூன்று விஷயம் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன்" என்று சொல்லச் சொல்லும் பழக்கத்தையும் கவனமாகத்தான் கையாள வேண்டும். 2009-ல் ஜோன் வுட்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களில் இப்படித் தங்களைப் புகழ்ந்து சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது. சொல்லும் வாய்க்கும் கேட்கும் மனத்துக்கும் ஒத்துப்போகாதது காரணமாக இருக்கலாம். ராய் பாமைஸ்டர் குழுவினர் 2003-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், தன்மதிப்பை ஊதிப் பெரிதாக்குவதால் செயல் தானே உயரும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெறும் புகழ்ச்சியைவிட, "போன மாசம் இந்தப் படியில் 7, இப்ப 3" என்ற உண்மை வாக்கியம் எடுபடும். அதற்கு ஒரு நோட்டு வேண்டும். ஓட்டம் முடிந்ததும் மூன்றே வரி: சரியாகச் செய்த ஒன்று, திருத்த வேண்டிய ஒன்று, சைக்கிளுக்குத் தொடர்பில்லாமல் அன்று யாருக்காவது பயன்பட்ட ஒன்று. மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். மதிப்பை ஓட்டத்திலிருந்து அவிழ்க்கும் வேலையை அதுதான் செய்கிறது, விடாமல் எழுதவையுங்கள்.

ஸ்ட்ராவா போன்ற செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தடத்தில் ஓடிய எல்லாருடைய நேரத்தையும் வரிசைப்படுத்திக் காட்டுவதால், தனியாக ஓட்டும்போதும் பார்வையாளர் கூட்டம் கூடவே வருகிறது. மரம் மூடிய ஜீப் தடத்தில் ஜிபிஎஸ் சில நொடிகள் தவறும். காய்ந்த மார்ச் மாதத்து நேரத்தையும் சேறான ஆகஸ்ட் நேரத்தையும் ஒப்பிடுவதில் பொருளும் இல்லை. நான்கு வாரம் பதிவுகளைத் தனிப்பட்டதாக மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலாக இருந்தால், அதுவே பேச வேண்டிய விஷயம்.

பெண் ஓட்டிகளுக்குப் பார்வை இரட்டிப்பு. சாலையோரக் கண்களும் குழுவின் கண்களும் சேர்ந்து விழும். முதல் சில அமர்வுகளை ஆள் நடமாட்டம் இல்லாத, ஆனால் பாதுகாப்பான எஸ்டேட் மைதானத்தில், இன்னொரு பெண்ணும் இருக்க நடத்துவது நல்லது. தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். செய்து காட்டுகிறவரும் முடிந்தால் பெண்ணாக இருக்கட்டும், பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று தன்னைப் போன்றவரிடமிருந்துதான் சுரக்கும்.

விழுந்த பிறகான காலம்தான் மனத்துக்கு ஆபத்தானது. முதலில் தலை. தலையில் அடிபட்டு, பிறகு சில நாளாக எரிந்து விழுகிறார், அழுகிறார், எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனபலக் குறைவு இல்லை, மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, மயக்கம், கை கால் மரத்தல், கழுத்து வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. அவை இல்லாவிட்டாலும் அன்று மீண்டும் சைக்கிளில் ஏறக் கூடாது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ மாநாட்டின் வழிகாட்டுதல்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வு, மெல்லிய நடை போகலாம், கைபேசித் திரையைக் குறைக்க வேண்டும். பிறகு ஆறு கட்டங்களாகத் திரும்புதல், ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள். தலை மோதும் ஆபத்துள்ள கட்டங்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே போக வேண்டும். அடிபட்ட ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள்.

காறை எலும்பு முறிந்தால் ஒன்றரை முதல் மூன்று மாதம் வரை போகும். ஓட்டிதான் நான், வேறு ஒன்றும் இல்லை என்று இருப்பவர்கள் இந்த இடைவெளியில் கூடுதலாகத் தளர்ந்துபோகிறார்கள். பிரிட்டன் ப்ரூவர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993-ல் விளையாட்டு அடையாளத்தை அளக்கும் கேள்வித்தாளை வெளியிட்டபோது இந்த ஆபத்தையும் சுட்டிக்காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பிலிருந்து அவரை விடுவிக்காதீர்கள். நேரம் குறிப்பது, சின்னப் பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுப்பது, அடுத்த பாதைக்கு எஸ்டேட் மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் கொடுப்பது என்று உண்மையான வேலை இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை ஓய்வுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

பயிற்சியாளர் தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 'லைஃப் கோச்' என்று பலகை வைக்க எந்த உரிமமும் தேவையில்லை. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும், மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். இந்த வேறுபாட்டை மறைக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். எத்தனை அமர்வு, என்ன கட்டணம், பேசியதில் எது வீட்டுக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்கப்படாது என்பதை ஓட்டிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசை இல்லாமல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி அனுப்பிவைக்க வேண்டிய நேரம். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குச் சுழியம் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே நேராகப் பேச வேண்டும். மலைச் சைக்கிளில் தனியாக ஓர் அறிகுறியும் உண்டு: முன்பு கவனமாக ஓட்டியவர் திடீரென்று ஹெல்மெட் இல்லாமல், பிரேக் தொடாமல், "விழுந்தா விழட்டும்" என்று இறங்குவது. குழு அதைத் தைரியம் என்று கைதட்டும். அவரைத் தனியாக அழைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். ஏலத்தோட்ட வீடுகளில் மருந்தடிக்கும் பூச்சிக்கொல்லி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், அன்றே அதைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுக்க வீட்டாரிடம் சொல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, நாள் முழுவதும் கட்டணமில்லாமல் கிடைக்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தேனிப் பக்கத்தவர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதல் முறை துணைக்கு ஓர் ஆள் போனால் பாதியில் திரும்புவது குறையும், குழுவிலிருந்து ஓர் அண்ணனோ அக்காவோ கூடப் போகட்டும். சிகிச்சை நடக்கும்போது சைக்கிள் ஓட்டலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். சில மருந்துகள் முதல் வாரங்களில் தூக்கக் கலக்கம் தரும், அந்த நாட்களில் இறக்கம் வேண்டாம், சமதளம் போதும்.